649 ரூபாய்ப் பெட்டியும் எங்கள் வீட்டு ஜல்லிக் கரண்டியும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போனில் ஆர்டர் போட்டு வாங்கிய, வாழ்த்து அட்டை செய்யும் சாமான் பெட்டியைத் திருப்பி அனுப்பவில்லை. ஏழு நாள் அவகாசம் கொடுத்திருந்தார்கள். ஆனால் வந்த அன்று சாயங்காலமே என் பேத்தி அதிலிருந்த பனிமனிதன் ஸ்டிக்கர் ஒன்றைப் பிய்த்து மிளகாய்த்தூள் டப்பாவில் ஒட்டிவிட்டாள். பிரித்த சாமானை எந்த முகத்தோடு திருப்புவது? 649 ரூபாய் போனது போனதுதான். அடுத்து வாங்க நினைக்கிறவர்களுக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எனக்கு ஊர் மயிலாடுதுறை. அஞ்சல் துறையில் 34 வருடம் இருந்து, ஒரு துணை அஞ்சலகத்தில் ஓய்வு பெற்றேன். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தை பிறக்கப் பத்து நாள் இருக்கும்போதே எங்களுக்கு இடுப்பு ஒடிய ஆரம்பித்துவிடும். கடைத்தெருவில் சணல் கட்டி, துணிக் கிளிப் மாட்டி, வரிசையாகப் பொங்கல் வாழ்த்து தொங்கும். கரும்பும் பானையும், காளை மாடு, முருகன், நடிகர்கள், எந்த ஊர் என்றே தெரியாத மலையும் அருவியும். அத்தனையும் நாலு நாளில் எங்கள் மேசைக்கு மூட்டையாக வந்து சேரும். மரப்பிடி போட்ட சீலை மை பேடில் ஒரு தட்டு, தபால்தலையில் ஒரு தட்டு. டொக், டப். டொக், டப். சத்தத்தை வைத்தே உறைக்குள் என்ன இருக்கிறது என்று சொல்வேன். வெறும் அட்டை என்றால் தட்டையாக விழும். சம்கி ஒட்டியிருந்தால் சரக்கென்று ஒரு நொறுங்கல். கண்ணாடிச் சில்லு ஒட்டியவர்களும் உண்டு. அந்தச் சத்தத்துக்கு எனக்கே பல் கூசும். யாரோ ஒரு பெண் ராத்திரி கண்விழித்து ஒட்டியிருப்பாள். நான் ஒரே தட்டில் உடைத்திருப்பேன்.

அதனால் வாழ்த்து அட்டையில் எனக்கு அழகு இரண்டாவதுதான். போட்டது போட்டபடி போய்ச் சேருமா என்பது முதலில். பெட்டியையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன்.

பேத்திக்கு ஏழாம் வகுப்பு. பரணிலிருந்து இறக்கிய டிரங்குப் பெட்டியில் எனக்கு வந்த பழைய வாழ்த்துகளைப் பார்த்துவிட்டு, "அப்பாயி, நம்மளும் செஞ்சு எல்லாருக்கும் அனுப்புவோம்" என்றாள். அதைக் காதில் வாங்கிய என் மகன், எழுந்துகூட உட்காராமல், போனிலேயே தட்டிவிட்டான். மூன்றாம் நாள் வாசலில் பெட்டி.

மூடியில் '42 பொருள்கள்' என்று பெரிதாகப் போட்டிருந்தது. கூடத்தில் பாய் விரித்துப் பரப்பி எண்ணினோம். மடித்த அட்டை 6, உறை 6, ஜெல் பேனா 3, பிளாஸ்டிக் ஸ்டென்சில் ஒன்று, கத்தரிக்கோல் ஒன்று, பசைக்குச்சி ஒன்று, பூப்போட்ட ஒட்டுநாடா ஒன்று, சம்கிப் பொட்டலம் ஒன்று, இரண்டு முனையிலும் குண்டு வைத்த கம்பி ஒன்று. ஆக 21. மீதி 21 எங்கே என்று தேடினால் ஸ்டிக்கர்! ஒவ்வொரு ஸ்டிக்கரையும் ஒரு பொருளாக எண்ணியிருக்கிறார்கள். "அப்போ நம்ம வீட்டு அரிசி மூட்டையில எத்தனை பொருள் அப்பாயி?" என்று கேட்டாள் பேத்தி. அந்த ஸ்டிக்கரிலும் பனிமனிதன், ஊசியிலை மரம், வண்ண முட்டை, முயல். நாங்கள் இருப்பது பூம்புகாருக்குப் பக்கத்தில். எங்களுக்குத் தெரிந்த பனி, மார்கழியில் கோலம் போடப் போகும்போது தலையில் இறங்குமே, அது ஒன்றுதான்.

சரி, படம் பிடிக்காவிட்டால் ஒட்டாமல் விடலாம். அட்டை விஷயத்தில் அப்படி விட முடியாது. ஆறில் நாலு அட்டைகளின் மடிப்பு முதல் தடவை திறந்து மூடியதுமே வெடித்து, சாயம் உதிர்ந்து, வெள்ளை வெள்ளையாகப் பல்லைக் காட்டியது. தாளுக்கு ஒரு போக்கு உண்டு. ஆலையில் கூழ் ஓடும் திசையில் நார்கள் படுத்துக்கொள்ளும். அந்தப் போக்கில் மடித்தால் வெற்றிலை மாதிரி மடியும். குறுக்கே மடித்தால் நார் முறிந்து மேல்பூச்சு வெடிக்கும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். அட்டையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து இப்படியும் அப்படியும் லேசாக வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மெத்தென்று வளையும், மற்றப் பக்கம் முரண்டு பிடிக்கும். எந்தப் பக்கம் மெத்தென்று வளைகிறதோ அந்தப் போக்கில்தான் மடிப்பு வரவேண்டும். பெட்டிக்காரர்கள் தாளை மிச்சப்படுத்த வெட்டியிருக்கிறார்கள், மடிப்பைப் பற்றி யோசிக்கவில்லை.

உறையிலும் இதே கோளாறு. அட்டை எவ்வளவோ உறையும் அவ்வளவே. வெறும் அட்டை உள்ளே போகும். அதன்மேல் ஒரு பூவை ஒட்டிவிட்டுத் திணித்தால் ஓரம் பிரிகிறது. அட்டையைவிட உறை நீளத்திலும் அகலத்திலும் அரை சென்டிமீட்டராவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது எங்கள் ஊர்க் கல்யாணப் பத்திரிகைக் கடைப் பையனுக்குக்கூடத் தெரியும்.

மருமகள் கேக் செய்ய வாங்கிய தராசு ஒன்று இருக்கிறது. பெட்டியின் மேல் போட்டிருந்த படத்தைப் பார்த்து அப்படியே ஒரு அட்டை செய்து, உறையோடு அதில் வைத்தேன். 24 கிராம். சாதாரணத் தபாலில் 20 கிராம் வரைதான் 5 ரூபாய். தாண்டினால் இன்னொரு 5. பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. குழந்தை 5 ரூபாய் ஒட்டித் தபால் பெட்டியில் போட்டுவிடும். குறைகிற தொகைக்கு இரட்டிப்பாக, வாங்குகிறவரிடம் வசூலிப்பார்கள். பொங்கல் வாழ்த்து அனுப்பி, பெரியப்பாவிடம் 10 ரூபாய் தண்டம் வாங்கிய கதையாகிவிடும். சர்வீசில் அப்படி எத்தனை பெரியப்பாக்களின் திட்டை வாங்கியிருப்பேன்!

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பசைக்குச்சி திறக்கும்போதே காய்ந்திருந்தது. கத்தரிக்கோல் தாளை வெட்டாது, மெல்லும். பேனா பரவாயில்லை, வெள்ளை மட்டும் மூன்றாவது வரியில் நின்றுவிட்டது. ஒட்டுநாடா நன்றாகவே ஒட்டுகிறது. இப்போது பேத்தியின் ஜியாமெட்ரி பாக்ஸ் முழுவதும் அதுதான். குண்டுக் கம்பி உண்மையிலேயே நல்ல சாமான். மடிக்க வேண்டிய இடத்தில் ஸ்கேல் வைத்து அதால் அழுத்தி ஒரு கோடு இழுத்தால் பள்ளம் விழுந்து, மடிப்பு நேராக உட்காருகிறது. ஆனால் மை தீர்ந்த பால்பாயிண்ட் ரீஃபிலும் இதே வேலையைச் செய்யும். எங்கள் வீட்டு மேசை இழுப்பறையில் ஒன்பது கிடந்தன.

பெட்டிக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு ஒன்றரை. அந்த அரை, குண்டுக் கம்பிக்கு.

இனி, பெட்டியை ஓரம்கட்டிவிட்டு நாங்கள் செய்த கதை.

நல்ல அட்டைக்கு எங்கே போவது என்று யோசித்தபோதுதான் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் ஞாபகம் வந்தது. பட்டமங்கலத் தெருவிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. மார்கழியில் கல்யாணம் இல்லையே, கடை ஈயடிக்கும் என்று நினைத்துப் போனேன். தப்புக் கணக்கு. தைக் கல்யாணப் பத்திரிகையெல்லாம் மார்கழியில்தானே அடிக்க வேண்டும்! உள்ளே நிற்க இடமில்லை. மூன்று கல்யாண வீட்டார், ஒரு காதுகுத்து, புரூப் திருத்திக்கொண்டு ஒரு மாமா, 'நிகழும் மங்களகரமான' என்பதில் ஒரு கால் விட்டுப்போனதற்கு ஒரு சண்டை. என் முறை வர முக்கால் மணி நேரம்.

"வாங்க போஸ்டாபீஸம்மா, யாருக்குப் பத்திரிகை?" என்றார் அச்சகக்காரர்.

"பத்திரிகை இல்ல தம்பி. நீங்க வெட்டிப் போடுற துண்டு அட்டை வேணும்."

ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். அப்புறம் மிஷினுக்கு அடியில் கிடந்த இரண்டு சாக்கைக் காட்டி, "கிலோ 80 ரூபா. பழைய பேப்பர்காரருக்குப் போடுறதுதான். ஒங்களுக்கு வேண்டியதைப் பொறுக்கிக்குங்க. பின்னாடி பாத்து எடுங்கம்மா, சிலதுல அச்சு விழுந்திருக்கும்" என்றார்.

சாக்கு ஒரு புதையல். சந்தன நிறம், மஞ்சள், மயில்கழுத்துப் பச்சை, ஓரத்தில் ஜரிகை மாதிரிப் பொன் கோடு ஓடியது, தொட்டால் பட்டுப்போல் இருப்பது, சொரசொரவென்று துணிபோல் இருப்பது. பெரும்பாலும் 300 ஜிஎஸ்எம். ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். ஏ4 தாள் ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. ஆக 300 ஜிஎஸ்எம்மில் முழு ஏ4 அட்டை 18.75 கிராம், அதற்கு ஒரு உறை போட்டாலே 20 தாண்டிவிடும். அதையே பாதியாக வெட்டி, ஏ5 அளவுத் துண்டை இரண்டாக மடித்தால் அட்டை 9 கிராம் சொச்சம், உறை ஐந்து, பசை, பூ எல்லாம் சேர்ந்தாலும் 17-ஐத் தொடாது. உள்ளங்கையை விரித்து வைத்தால் மறைகிற அளவு. வாழ்த்துக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? ஒரு கிலோ வாங்கினோம். சீரான துண்டாக இருந்தால் நூறு அட்டைக்கு மேல் தேறும். கோணல் மாணலெல்லாம் கழித்து எழுபது வந்தது.

பொறுக்கியதைத் தன் கட்டிங் மிஷினில் வைத்து ஒரே வெட்டில் சதுரித்துக் கொடுத்தார், அதற்குத் தனிக் காசு வாங்கவில்லை. ஒரு துண்டை எடுத்து வளைத்துப் பார்த்து, "கிரெயின் இப்படிப் போவுது, இப்படியே மடிங்க" என்று பேத்திக்குக் காட்டியும் கொடுத்தார், அத்தனை கூட்டத்துக்கு நடுவிலும். குறை என்று சொன்னால், உட்கார நாற்காலி இல்லை, பில் இல்லை, ஜிபே போர்டு இருக்கிறது ஆனால் அதன் மேல் யாரோ ஒரு மாதிரிப் பத்திரிகையை ஒட்டிவிட்டிருக்கிறார்கள். சாக்கைக் கிளறினால் தும்மல் நிற்காது. ஐந்துக்கு நாலரை. போவதென்றால் கார்த்திகை கடைசியில் போங்கள். அப்போதுதான் கொஞ்சம் மூச்சு விடுவார்களாம்.

உறைக்குச் சாதாரண ஏ4 தாளே போதும். எங்கள் வீட்டில் இருந்தது டி.என்.பி.எல். தாள். கரூருக்கு அந்தப் பக்கம் புகளூரில், காவிரிக் கரையில் இருக்கிற அரசு ஆலை, 1979-இல் நிறுவனமாகத் தொடங்கியது. கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறார்கள். கரும்பு வரைந்த அட்டை, கரும்பிலிருந்து வந்த உறைக்குள் போகிறது என்று சொன்னதும் பேத்தி உறையை மோந்து பார்த்தாள். "இனிப்பு வாசனை இல்லையே" என்று ஏமாற்றம்.

பசை வீட்டில் காய்ச்சியது. இரண்டு கரண்டி மைதா, ஒரு டம்ளர் தண்ணீர். முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, பிறகுதான் அடுப்பில் வைக்க வேண்டும். கைவிடாமல் கிண்டினால் வெள்ளை மாறிக் கண்ணாடிபோல் வரும்; அப்போது இறக்குங்கள். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், குழந்தை கை வைக்கிற பசைக்கு வேண்டாம். வேண்டியதை அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொண்டால் போயிற்று. நாங்கள் முதல் நாள் சோம்பல்பட்டு மூன்று நாளைக்குச் சேர்த்துக் காய்ச்சினோம். வெளியே நசநசவென்று மழை வேறு. மறுநாளே புளித்த வாடை, மூன்றாம் நாள் பூஞ்சை. ஒட்டிய அட்டை நெளியாமலிருக்க, செய்தித்தாளில் சுற்றிய இரும்புத் தோசைக்கல்லை அதன்மேல் ஒரு ராத்திரி வைத்தேன். இதைவிடத் தட்டையான, கனமான சாமான் எந்தப் பெட்டியிலும் வராது. மடிப்பைத் தேய்த்து உட்காரவைக்கப் பல்லாங்குழிச் சோழி. வழுவழுவென்ற முதுகுப் பக்கத்தால் ஒரு இழுப்பு இழுத்தால் மடிப்பு கத்திபோல் நிற்கும்.

அச்சுக்கு வெண்டைக்காய். முற்றலாக ஒன்றைக் காம்புப் பக்கம் குறுக்கே வெட்டி, வெட்டிய முகத்தைத் துணியில் ஒற்றிக் கொழகொழப்பு போக ஒரு மணி நேரம் வைத்தால் ஐந்து இதழ்ப் பூ தயார். வாழைமட்டை இன்னும் அழகு. குறுக்கே வெட்டினால் பிறை வடிவம், உள்ளே கட்டம் கட்டமாக அறைகள். அதைச் சாயத்தில் ஒற்றி வைத்ததும் ஏதோ தேன்கூட்டை அரிவாளால் சீவி வைத்தது போலப் பதிந்தது. நாலு அட்டை அடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினோம். காலையில் பார்த்தால் ஒவ்வொரு பிறையைச் சுற்றியும் பழுப்பாக ஒரு கறை. வாழைக்கறை! வேட்டியில் பட்டால் போகாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிற எனக்கு அட்டையிலும் போகாது என்று தோன்றவில்லை. மகன் எடுத்துப் பார்த்து, "இது நல்லாருக்கே, பழைய காலத்து ஓலை மாதிரி" என்றான். விட்டுவிட்டோம்.

உருளைக்கிழங்கில் 'பொங்கல்' என்று செதுக்கியது என் வேலை. ஒரு மணி நேரம் குனிந்து உட்கார்ந்து, ங்-குக்குப் புள்ளி வரை வைத்து, மை ஒற்றிக் குத்தினால் எழுத்தெல்லாம் இடவலம் மாறி நிற்கிறது. 34 வருடம் சீலின் முகத்தில் தலைகீழ் எழுத்தையே பார்த்தவள் நான்! பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த உருளைக்கிழங்கு ராத்திரி பொரியலுக்குப் போகவில்லை, மை பட்டதால் குப்பைக்குத்தான் போயிற்று.

மஞ்சள் நிறத்துக்கு மஞ்சள்தூளே போட்டோம். கொஞ்சம் வெற்றிலைச் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்திச் சிவப்பு. பார்க்க ஜோராக இருக்கும், ஆனால் மஞ்சளுக்கு வெயில் ஆகாது. சீக்கிரம் காயட்டும் என்று இரண்டை மொட்டைமாடியில் வைத்தோம், சாயங்காலம் எடுத்தபோது நிறம் பாதி போயிருந்தது. நிழலில் காய்ந்து உறைக்குள் போனவை அப்படியே இருந்தன. நாள்கணக்கில் சுவரில் மாட்டி வைக்கப் போகிறவர்களுக்கு இந்தச் சாயம் வேண்டாம். வாட்டர் கலர் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்டென்சில் விஷயத்தில்தான் ஜல்லிக் கரண்டி வருகிறது. பெட்டியில் வந்த ஸ்டென்சிலில் மிஞ்சிப்போனால் ஒரு இதயம், ஒரு நட்சத்திரம், ஒரு பலூன். எங்கள் கரண்டியோ தட்டையான பழைய கரண்டி, துளைகள் வரிசை பிசகாமல் இருக்கும். அட்டையின் மேல் வைத்து, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் துளி சாயம் தொட்டு ஒற்றி எடுத்தால் புள்ளிக் கோலத்துக்குப் புள்ளி வைத்தாயிற்று. முறுக்கு அச்சில் நட்சத்திர வில்லை, தேன்குழல் வில்லை இரண்டும் இதே வேலைக்கு ஆகும். சாயம் குழம்பாக இருக்கக்கூடாது, அடியில் ஓடிவிடும். ஸ்பாஞ்சை முதலில் ஒரு துண்டுத் தாளில் ஒற்றி, கிட்டத்தட்ட காய்ந்த பிறகுதான் அட்டையில் வைக்க வேண்டும். கரண்டியை உடனே கழுவிவிடுங்கள். மருமகள் அன்று பூரி போட எடுத்து, நீலமாக இருக்கிறதே என்று கேட்டது தனிக் கதை.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஊசிக் கோலம். சாயம் இல்லை, பசை இல்லை. ஒரு தையல் ஊசியின் காதுப் பக்கத்தை மெழுகுவர்த்தித் துண்டில் செருகினால் பிடி ஆயிற்று. நாலாக மடித்த துவட்டும் துண்டை மேசையில் போட்டு, அதன்மேல் அட்டையைக் குப்புற வைத்து, கோலம் வரைந்த மெல்லிய தாளை மேலே துணிக் கிளிப்பால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஐந்து புள்ளி, ஐந்து வரிசைச் சிக்குக் கோலம். கோட்டின் மேலேயே ஊசியால் குத்திக்கொண்டு போக வேண்டியதுதான். பின்னாலிருந்து குத்துவதால் முன்பக்கம் ஒவ்வொரு துளையும் கடுகு போல் மேலெழும்பி நிற்கும். திருப்பினால் இடவலம் மாறுமே என்ற கவலை இங்கே இல்லை. சிக்குக் கோலத்தை எப்படித் திருப்பினாலும் கோலம்தான். ஒரு துளைக்கும் அடுத்ததற்கும் ஒரு கடுகு இடைவெளி விடுங்கள். நெருக்கிக் குத்தினால் தபால்தலை ஓரம் மாதிரி கிழிந்து கையோடு வந்துவிடும். பேத்திக்கு முதல் இரண்டு அப்படித்தான் வந்தது, கோலம் வேறு அட்டை வேறாக.

மூன்றாவது தேறியது. சந்தன நிற அட்டை. முடித்ததும் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். வெளியே மழை விட்டு லேசாக வெளிச்சம். துளை ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு வெளிச்சம் வந்து, கோலம் முழுக்க விளக்கேற்றியது போல இருந்தது. விரல் வைத்துத் தடவினாள். "அப்பாயி, கண்ண மூடிக்கிட்டே கோலம் பாக்கலாம்" என்றாள். கண் மங்கிப்போன என் பெரியம்மா திருவிடைமருதூரில் இருக்கிறார். அந்த அட்டை அவருக்கு என்று அப்போதே முடிவாயிற்று.

சம்கிக்குப் பதில் நெட்டி வைத்தோம். குளத்தில், ஏரியில் வளர்கிற செடியின் தண்டு. காயவைத்தால் பஞ்சுபோல் வெள்ளையாக இருக்கும். தஞ்சாவூரில் அதில் பெரிய கோயிலையே செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்கிறார்கள், புவிசார் குறியீடு வாங்கிய கைவேலை. எங்களுக்கு அவ்வளவெல்லாம் வேண்டியிருக்கவில்லை. போன வருடம் மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக்குக் கட்ட வாங்கிய நெட்டி மாலையில் ஒன்று கட்டாமலே எங்கள் சித்தப்பா வீட்டுத் தொழுவத்தில் தொங்கியது. அதை உதிர்த்து, புது பிளேடால் அப்பளக் கனத்துக்குச் சீவி, இதழ் இதழாக ஒட்டினோம். எடையே இல்லை. சீல் அடித்தாலும் அமுங்கிக்கொள்ளும், உடையாது. பழைய பாவத்துக்குப் பரிகாரம் மாதிரி, அதை என் மேசையில் வைத்து மசாலா இடிக்கும் குழவியின் முனையால் பத்துத் தடவை தட்டிப் பார்த்த பிறகுதான் ஒத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் சர்வீசில் கற்றது என்பதால் சொல்கிறேன். உறையில் தபால்தலை வலது மேல் மூலையில் இருக்கும். சீல் விழுவதும் அங்கேதான். உள்ளே அட்டையை வைக்கும்போது பூவும் பொட்டும் இடது கீழ்ப் பக்கம் வருகிற மாதிரி வையுங்கள். விலாசத்தை அட்டையை உள்ளே வைப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள். பிறகு எழுதினால் பேனா அழுத்தம் பூவில் இறங்கும். பின்கோடு எழுதுங்கள். 1972 ஆகஸ்ட் 15-லிருந்து அது இருக்கிறது, இன்னும் எனக்கு வரும் கடிதங்களில் பாதியில் 'மாயவரம்' என்பதோடு நின்றுவிடுகிறார்கள். ஊருக்குப் பேர் மயிலாடுதுறை என்று மாறி 40 வருடத்துக்கு மேல் ஆகிறது, கோபித்து என்ன பயன், நானே வீட்டில் மாயவரம் என்றுதான் சொல்கிறேன்.

செலவுக் கணக்கு: அட்டை 80, மைதா வீட்டில் இருந்தது, ஊசி இருந்தது, பிளேடு 5, வெண்டைக்காய் கால் கிலோவில் இரண்டு மட்டும், மீதி சாம்பாருக்கு. ஜனவரி 6-ஆம் தேதி 12 அட்டை தபாலில் போட்டோம், 60 ரூபாய். பெட்டிக்குள்ளிருந்த அட்டையில் அவர்கள் சொன்னபடியே சம்கி ஒட்டியதை என் விலாசத்துக்கே ஒன்று போட்டுப் பார்த்தேன், 10 ரூபாய்த் தலையோடு. மூன்றாம் நாள் வந்தது. பிரித்ததும் மடியில் சம்கி கொட்டியது. அட்டையில் ஒட்டியிருந்தது ஏழு. பசைக்குச்சியின் லட்சணம்.

எங்கள் பன்னிரண்டும் போய்ச் சேர்ந்தன. திருவிடைமருதூரிலிருந்து பெரியம்மாவே போன் செய்து, கோலத்தில் ஒரு இடத்தில் கம்பி விட்டுப்போயிருக்கிறது என்றார். விரலாலேயே கண்டுபிடித்துவிட்டார்! பேத்திக்கு வெட்கம், எனக்குச் சந்தோஷம். கும்பகோணத்தில் என் தங்கை வீட்டில் வாழைக்கறை அட்டையை பிரிட்ஜ் கதவில் வைத்திருக்கிறார்களாம்.

பொங்கலுக்கு முதல் நாள் திருத்துறைப்பூண்டி அத்தாச்சி கூப்பிட்டார். மயில்கழுத்துப் பச்சையில் நெட்டிப் பூ வைத்தது அவருக்கு. அவசரத்தில் பின்பக்கம் பார்க்காமல் மடித்தது அந்த ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

"வாழ்த்து வந்துச்சு, பூ ரொம்ப நல்லாருக்கு" என்றார். அப்புறம் குரலில் ஒரு இறுக்கம். "உள்ள மூலையில 'தங்கள் நல்வரவை விரும்பும்'னு போட்டுருக்கே. யாருக்குக் கல்யாணம் வச்சிருக்கீங்க? எங்கள்ட்ட ஒரு வார்த்தை சொல்லல?"